நங்கூரத் தெருவின் பென்சில் மிருகங்கள்

இருட்டின பிறகு, நங்கூரத் தெருவே இராச் செபமாலைக்கு மாதா கெபியடியில் கூடியிருந்த நேரத்தில், டெல்பினுடைய வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கருவாட்டுச் சாக்கை யாரோ மணலில் இழுப்பது போலவும் இருந்தது, காய்ந்த ஓலையைப் பூனை நக்குவது போலவும் இருந்தது, ஆனால் அந்த வீட்டில் சாக்குமில்லை, ஓலையுமில்லை, பூனையுமில்லை, சேலைத் தொட்டிலில் தூங்குகிற ஜோவிட்டாக் குட்டியும், பழைய காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்த அவளைப் பெற்றவளும் மட்டுமே இருந்தார்கள்.

டெல்பின் முதலில் கதவைத்தான் பார்த்தாள். எந்தச் சத்தம் கேட்டாலும் அவள் கண் முதலில் போகிற இடம் அதுதான். அவள் புருஷன் ரெனால்டு சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறிப் போனதிலிருந்து, ஒலிபெருக்கியில் 'அருள் நிறைந்த மரியே' எழும்பித் தெரு காலியாகிற வேளை பார்த்து, யாரோ ஒருவன் வந்து அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்து மெள்ள அழுத்துகிறான். கதவு ஒரு விரற்கடை உள்ளே வந்து, அவள் முட்டுக்கொடுத்திருக்கிற ஆட்டுரலில் இடித்து நிற்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு கேட்கிறது. பிறகு காலடிகள் போய்விடுகின்றன.

கதவில் தாழ்ப்பாள் இல்லாமலில்லை. கை மொத்தத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் நங்கூரத் தெருவில் ஒருவன் கப்பலேறுகிற அன்றைக்கு, அவனைப் பெற்றவள் வந்து, அவன் வீட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தது திறந்தபடியே வலைக்கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுப் போவாள். வீட்டுக்குள் தாழ் விழுந்தால் அவன் திரும்பி வருகிற தண்ணீரிலும் தாழ் விழுந்துவிடும் என்று அந்தத் தெரு நம்பியது. அவன் வந்து தன் கையால்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும், அதுவரைக்கும் அது கயிறு கட்டின வீடு, கதவைச் சாத்தலாம், தாழ் போடக்கூடாது. கதவைத் தள்ளுகிற அந்தக் கையைப் பற்றி டெல்பின் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். எதிர் வரிசையில் குடியிருந்த மாமியார் செபஸ்தியம்மாள் நெத்திலியை ஆய்ந்துகொண்டே, "காத்துட்டி அது. கடக்காத்து மாப்பிள்ள மாதிரி, சொல்லாமக் கொள்ளாமத்தான் வரும்" என்றுவிட்டாள்.

ஆனால் இந்தச் சத்தம் கதவிலிருந்து வரவில்லை. தாளிலிருந்து வந்தது.

டெல்பினுக்குப் படம் வரையப் பழக்கிவிட்டது கான்வென்ட்டில் கிளமென்சியா சிஸ்டர். "மூஞ்சியப் பாக்காத பிள்ளே, மூஞ்சி பொய் சொல்லும், நடையப் பாரு, ஒவ்வொரு மனுஷ நடைக்குள்ளயும் ஒரு மிருகம் உக்காந்திருக்கு, பென்சில் முனை மழுங்குறதுக்குள்ள அதப் பிடிச்சிரு" என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடியே, அவள் தினமும் முதலில் மணிக்கட்டு இளகுவதற்காக வட்டம் வட்டமாகப் போட்டு, அப்புறம் அன்றைக்குப் பார்த்த யாராவது ஒரு ஆளின் முதுகெலும்பை ஒரே கோடாக இழுத்து, அந்தக் கோட்டின் மேல் ரோமமோ இறகோ ஏற்றி, கடைசியில் சட்டையோ குடையோ கொடுத்து முடிப்பாள். முன்பெல்லாம் சிரிப்புக்காக வரைந்தாள். இப்போது கை நடுங்காமலிருக்க வரைந்தாள்.

அன்றைக்கு வரைந்தது பக்கத்து வீட்டு மீன்காரி கித்தேரியம்மாளை. ஒரு கன்னம் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு இடுப்பை ஒடித்து நிற்கிற அவளுடைய நிலைக்குள்ளே ஒரு கூழைக்கடாப் பறவை உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் மீன்கூடையை வைத்து டெல்பின் கோட்டை முடித்ததும்தான், அந்தக் கூழைக்கடா நெரிசலான பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்குகிற பொம்பளை மாதிரி, ஒரு காலை வெளியே வைத்து, இறகை விடுவித்து, மறுகாலையும் இழுத்துக்கொண்டு தாளைவிட்டு இறங்கியது. தாள் வெள்ளையாகிவிட்டது. பறவை மேலெல்லாம் ஒட்டியிருந்த கரித்தூளை உதறிவிட்டு, கதவுப் பக்கம் போய், ஆட்டுரலைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. விருந்தாளி புறப்பட்டுவிட்டால் வழிவிடுவதுதானே மரியாதை என்று டெல்பின் உரலை உருட்டி நகர்த்திக் கதவைத் திறந்தாள். கூழைக்கடா கூடை ஆடாமல் படியிறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

விடிந்ததும் கித்தேரியம்மாளின் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"ஏளா டெல்பினு! இந்தச் சவத்த நீதான அனுப்புன? ராத்திரி பூரா என் பாயில, என் தலவாணியில, என்ன மாதிரியே கொறட்ட விடுது!"

"நாந்தான்னு எப்படி மதினி தெரியும்?"

"அது நிக்குத நெலையப் பாருட்டி! எறக்கைய மடக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, வந்தவன் போனவனையெல்லாம் 'வாங்குதியா, இல்ல சும்மா பாக்குதியா'ங்க மாதிரி பாக்குது. இது நானில்லாம வேற யாரு? இந்தத் தெருவுல படம் போடுதவ உன்ன விட்டா வேற யாரு?"

தெரு கூடிச் சிரித்தது. சிரித்து முடித்ததும் வேலை பார்க்கப் போய்விட்டது, ஏனென்றால் மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. கித்தேரியம்மாள் போனாள், கூழைக்கடாவும் பின்னாலேயே போனது, அன்றைக்கு அவளிடம் யாருமே பேரம் பேசவில்லை. அந்தப் பறவை ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்த பார்வையில், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "இருக்கட்டும், கூடமாட ஒத்தாசைக்கு ஆச்சு" என்றாள் கித்தேரியம்மாள். அப்படித்தான் அது தெருவில் நிலைத்தது.

பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. உப்பு லாரி ஓட்டுகிற லாசர் மாமாவுக்கு, மூக்குக்கண்ணாடியை மூக்குநுனிக்குத் தள்ளி அதற்கு மேலாக உலகத்தைப் பார்க்கிற ஒரு வெள்ளாடு போய்ச் சேர்ந்தது. அவர் அதை லாரியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "கிளீனர் பயல நிறுத்திட்டேன் வே, இது எதுத்தும் பேசாது, வழியில பரோட்டாவும் கேக்காது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். செபஸ்தியம்மாளுக்குப் போனது கண்டாங்கிச் சேலை கட்டின முள்ளம்பன்றி. "முள்ளம்பன்னியா? என்னையா? பெத்த பிள்ளைய நம்பிக் குடுத்தேனே, என்னையா?" என்று அவள் மருமகளோடு பேச்சை நிறுத்தினாள், ஆனால் கொஞ்ச நாளிலேயே, வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அதன் முட்களில் நெத்திலியைக் குத்திக் காயப்போட்டால் காக்காய் கிட்டே வருவதில்லை என்று கண்டுபிடித்து, அதற்குப் பிறகு அதைத் 'தாயி' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவற்றுக்குப் பேச்சில்லை. சோறும் வேண்டாம், பென்சில் சீவின தூளை நக்கிக்கொள்ளும். நனைந்தால் கலைந்துவிடும் என்று தெரிந்ததும், மேகம் கறுத்தால் முதலில் மிருகங்களை உள்ளே கூப்பிடுவதும், அப்புறம்தான் காயப்போட்ட துணியை எடுப்பதும் அந்தத் தெருவின் வழக்கமாயிற்று. பிள்ளைகள் கேட்காமல் கொள்ளாமல் கூழைக்கடாவின் மேல் ஊதா வண்ணப் பென்சிலைத் தேய்த்துவிட்டார்கள். கித்தேரியம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினாள், ஆனால் தவக்காலம் பிறந்து பீடத்துக்கும் ஊதா, சாமியாருக்கும் ஊதா என்றானபோது, தன் பறவைதான் தெருவிலேயே பக்தியுள்ளது என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். இவற்றுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டபோது, அவர் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி பட்டா அழியிற ஆளுக்குத் தண்ணி ஊத்த எனக்கு அதிகாரமில்ல. பூசைக்கு வரட்டும், பின்வரிசையில உக்காரட்டும். கோயில் பாட்டுப் புத்தகத்த மட்டும் நக்க விடாதீங்க, அதுலயும் மை இருக்கு" என்றார்.

சென்னையிலிருக்கிற ஒரு சிறுவர் பத்திரிகைக்கு டெல்பின் அனுப்பின படங்கள் மட்டும் போய்ச் சேரவேயில்லை. தாள் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த மிருகங்கள் பாதி வழியிலேயே இறங்கி, ரயில் பாதையை ஒட்டியே நடந்து, தங்கள் தங்கள் ஆள்களிடம் வந்து சேர்ந்துவிட்டன.

அவள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. என்னைப் புலியாக வரை, என்னை மயிலாக வரை என்று கேட்டார்கள். "அது என் கையில இல்ல மாமா, உங்க நடையில இருக்கு" என்பாள் அவள். துறைமுகச் சங்கத்துத் தலைவருக்கு ஆமை வந்தது. அவர் மூன்று தெரு தள்ளிப் போய் நின்றுகொண்டு அது தன்னுடையதல்ல என்றார், சாயங்காலத்துக்குள் அது அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஆள் மாறிப் போனதாக ஒரு மிருகத்தைப் பற்றியும் யாராலும் சொல்ல முடியவில்லை. நடை யாருடையதோ அவரிடம்தான் அது போகும், கூட்டத்துக்குள் நின்றாலும் மோப்பம் பிடிக்காமலேயே போகும் என்பது தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மைக் செட் போடுகிற எவரிஸ்து அண்ணன் மட்டும் வரிசையில் நின்றதில்லை. தெருவுக்கே வேண்டியவர். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் காசு கேட்காமல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக் கொடுப்பார், ஜோவிட்டாவுக்குக் கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். "எனக்கெதுக்குத் தங்கச்சி படம்? நாள் பூரா கோயில் மைக் ரூம்ல உக்காந்திருக்கவனுக்கு நடை ஏது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கும் பிடித்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் கை வந்துகொண்டுதானிருந்தது. செபமாலை எழும்பும், தெரு காலியாகும், கதவு ஒரு விரற்கடை நகரும். தெருவெல்லாம் அவளைக் கொண்டாடியது, கோயிலில் முன்வரிசையில் இடம் விட்டது, ஆனால் கையைப் பற்றி அவள் வாயெடுத்தால், பிள்ளை பெற்ற உடம்பு, புருஷன் கூட இல்லாத மனசு, அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்றது. காலண்டர் தாளிலிருந்து கூழைக்கடா இறங்கி வந்ததை ஒரே காலைப்பொழுதில் நம்பின தெரு, கதவில் ஒரு கை வந்ததை நம்பவில்லை. எவரிஸ்து அண்ணன் ஒருவர்தான், "அப்படியும் இருக்கும். துறைமுகத்துக்கு வேலைக்கு வந்திருக்கானுவள்ளா வெல்டிங் பயலுவ, அவனுவளா இருக்கும். நான் பாத்துக்கிடுதேன் தங்கச்சி, நீ பயப்படாத" என்றார்.

ஒரு நாள் ஆட்டுரல் நகர்ந்தது. கல் தரையில் உராய்கிற சத்தத்தோடு கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை முழங்கை வரை உள்ளே வந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய், தொட்டில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டது. தொட்டில் ஆடியது. ஜோவிட்டா தூக்கத்தில் சிரித்தாள். டெல்பின் ஓடிப்போய் முதுகால் கதவைத் தள்ளினாள், கை உருவிக்கொண்டு போனது, ஒலிபெருக்கியில் ஊர் முழுவதும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றது.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். கெபியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த செபஸ்தியம்மாள் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"மாமி, கயித்த அவுத்து விடுங்க. ஒங்க கால்ல விழுதேன். ஒங்க பேத்தி தொட்டில வந்து தொட்டுட்டான்."

செபஸ்தியம்மாளின் முகம் ஒரு கணம் என்னவோ போலானது. பிறகு இறுகியது. "நீ இங்க வந்து படு. இல்லன்னா நான் அங்க வந்து படுக்கேன். கயித்தத் தொடாத. தண்ணியில கெடக்கான் என் பிள்ள. ஒன் பயத்துக்கு அவன வெல வைக்கியா?"

டெல்பினும் அதைப் பாதி நம்பினாள். அந்த முடிச்சில் விரலை வைக்கிறபோதெல்லாம், எங்கேயோ பெயர் தெரியாத கடலில் ரெனால்டின் கப்பல் மெள்ளச் சாய்வது அவளுக்குத் தெரியும். தாழ் போட்டால் புருஷன் போவான், போடாவிட்டால் பிள்ளைக்கு என்ன நடக்குமோ தெரியாது. இரண்டுக்கும் நடுவில், கையில் ஒரு பென்சிலோடு அவள் நின்றாள்.

அவனை வரைந்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆள் யாரென்று அவளுக்குத் தெரியாவிட்டாலும் மிருகத்துக்குத் தெரியும். மறுநாள் பகலிலேயே உட்கார்ந்து ஓநாய் வரைந்தாள். ஓநாய் தாளிலேயே கிடந்தது. முதலை வரைந்தாள், சுறா வரைந்தாள், வாயிலிருந்து புகை வருகிற கரடி ஒன்றை வரைந்து அதற்குக் கொம்பும் வைத்தாள். எதுவும் ஒரு நகத்தைக்கூட அசைக்கவில்லை. பென்சில் மழுங்கி, தாள் தீர்ந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்தபோதுதான் தான் செய்துகொண்டிருந்த தப்பு அவளுக்கு விளங்கியது. இவ்வளவு நேரம் அவள் வரைந்ததெல்லாம் தன்னுடைய பயத்தின் மூஞ்சியை. மூஞ்சி பொய் சொல்லும். நடையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதுதான்; ஆனால் எத்தனை இரவாகக் கேட்டிருக்கிறாள்! கேட்கிறபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டல்லவா கேட்டாள்.

அன்று செபமாலை எழும்பியதும், மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு வந்து, தாளை மடியில் வைத்துக் கதவை ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். காலடி வந்தது. வலது கால் முழுதாகப் பதிகிறது. இடது கால் பெருவிரலில் நிற்கிறது. படியில் செருப்பைக் கழற்றுகிறான். கழற்றின செருப்பைக் காலாலேயே ஒழுங்காகச் சேர்த்து வைக்கிறான். வயிற்றை எக்கி மூச்சைப் பிடிக்கிறான். மூக்கை உறிஞ்சுகிறான், ஒரு தரம், மறுபடி ஒரு தரம். எச்சில் விழுங்குகிறான். உள்ளங்கை மரத்தில் படுகிறபோது ஈரமாக ஒட்டி ஈரமாகப் பிரிகிறது. அடே, இவனுக்கு வியர்க்கிறது! இவன் பயந்து நடுங்குகிறான்! இத்தனை நாளும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவளைவிட, அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கல்லவா தொடை நடுங்கியிருக்கிறது! பென்சில் தானாகவே ஓர் உருண்ட முதுகெலும்பை இழுத்தது. கண்ணைத் திறந்து பார்த்ததும் டெல்பினுக்கு அது என்ன மிருகம் என்று தெரிந்துவிட்டது. தோளும் வாலும் போட்டாள். அதற்கு மேல் போடாமல், தாளை மடித்து அரிசிப் பானையில் வைத்தாள். இருட்டில் ஆரம்பித்ததை அவள் வெயிலில் முடிக்க விரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெரிய பூசை முடிந்து தெரு நிறைந்திருந்தபோது, டெல்பின் கதவை ஆனமட்டும் திறந்து வைத்துவிட்டு, மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டம் கூடியது.

"இன்னைக்கு யாரு மாட்டுனது?" என்றார் லாசர் மாமா. அவருடைய ஆடும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது.

"தெனமும் என் கதவத் தள்ளுதவன்" என்றாள் டெல்பின்.

சிரிப்பு நின்றது. செபஸ்தியம்மாள் ஜோவிட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். டெல்பின் தலை நிமிராமல் வரைந்தாள். ரோமம் ஏற்றினாள், ஈர மீசை வைத்தாள், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டி, எக்கின வயிற்றுக்குள் அதைச் செருகிவிட்டாள், ஒரு காலைப் பெருவிரலில் நிறுத்தி, முன்னங்கை ஒன்றை உள்ளங்கை தெரியும்படி நீட்ட வைத்தாள். மாதா கோயில் சாக்கடையில் இருக்கிற கிழட்டுப் பெருச்சாளி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு, கூப்பிடாத விருந்துக்குக் கள்ளத்தனமாகப் புறப்பட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. முதலில் ஒரு பிள்ளை 'களுக்'கென்றது. அப்புறம் கித்தேரியம்மாள். அப்புறம் டெல்பினே சிரித்துவிட்டாள், தனக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது. அவள் சிரித்த அந்த வினாடியில் பெருச்சாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைவிட்டு இறங்கியது.

அது நடந்தது. வலது கால் முழுதாகப் பதிந்தது, இடது கால் பெருவிரலில் நின்றது. தேருக்குப் பின்னால் போவதுபோல் தெரு முழுவதும் அதன் பின்னால் போனது. குடிகார அருளப்பன் தன் வீட்டுப் படியில் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "நான் குடிகாரந்தான், ஒத்துக்கிடுதேன், ஆனா நான் அது இல்லப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பெருச்சாளி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெல்டிங் பையன்கள் தங்கியிருந்த அறை வாசலில் அவர்கள் வாயில் பல்தூரிகையோடு வரிசையாக நின்றார்கள். பெருச்சாளி அவர்களையும் தாண்டிப் போனது. போகிற போக்கில் கித்தேரியம்மாள், "தப்பா நெனச்சிட்டோம், மனசுல வச்சிக்கிடாதீங்க தம்பிகளா" என்று சொல்லிக்கொண்டே போனாள், அவர்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டினார்கள்.

பெருச்சாளி கோயிலுக்குத்தான் போனது. பெரிய வாசலில் ஏறாமல், பக்கவாட்டுச் சந்தில் திரும்பி, மைக் ரூம் வாசலுக்கு வந்து நின்றது. கதவு சாத்தியிருந்தது. அது வயிற்றை எக்கிக்கொண்டு, எச்சில் விழுங்கி, முன்னங்கையை நீட்டி, உள்ளங்கையைக் கதவில் வைத்து மெள்ள அழுத்தியது.

"யாரது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் நடுங்கியது. பூசை முடிந்தும் மைக்கை அணைக்காமலிருந்ததால், அது கோபுரத்துக் குழாயிலும் தெருமுனைக் குழாயிலும் துறைமுகத்துக் குழாயிலும் சேர்ந்து நடுங்கியது. "யாரது?"

கதவு திறந்தது. எவரிஸ்து நின்றார். பெருச்சாளி உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்று, அவர் மூக்கை உறிஞ்சினபோது தானும் உறிஞ்சியது.

"என்ன, எல்லாரும்… இது என்ன வெளையாட்டு தங்கச்சி? சே, போ அந்தால!" அவர் காலால் தள்ளினார், அதுவும் காலால் தள்ளியது. "இங்க பாருங்க, நான் சும்மா, கதவு சாத்தியிருக்கான்னு பாக்கத்தான் போனேன்… ஒரு பாதுகாப்புக்குத்தான… தள்ளிப் பாத்தாத்தான தெரியும்…"

அவர் சொல்வதெல்லாம் ஊர் முழுவதும் கேட்டது. படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

டெல்பின் முன்னால் வந்தாள். எத்தனை நாளாகவோ அவள் மனதுக்குள் எழுதி எழுதி அழித்த வார்த்தைகள் நிறைய இருந்தன, ஒன்றும் தேவைப்படவில்லை. "கேட்டுச்சா?" என்று மட்டும் தெருவைப் பார்த்துக் கேட்டாள்.

பிறகு பின்னாலிருந்து, முந்தின வருஷம் கலியாணமாகி வந்த ரெஜீனா என்கிற சின்னப் பெண், "எங்க வீட்டுக்கும் வந்துது அக்கா. நான் காத்துன்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள், "காத்துன்னு நெனைக்கச் சொன்னாவ" என்றாள். அப்புறம் இன்னொருத்தி, இன்னொருத்தி, கயிறு கட்டின வீட்டுக்காரிகள் எல்லோரும், செபமாலை மணி உருள்வதுபோல ஒருவர் விட்ட இடத்தில் ஒருவராக. கடைசியில் செபஸ்தியம்மாள் பேசினாள். ஜோவிட்டாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள், காலடியில் முள்ளம்பன்றி சிலிர்த்து நின்றது.

"எனக்கும் தெரியும். ஒங்க மாமா கப்பலுக்குப் போன காலத்துல. அது வேற கை, செத்துப்போச்சு. என் மாமியா காத்துன்னா. நானும் அதையே இவகிட்ட சொன்னேன்."

எவரிஸ்து அன்றைக்கே ஊரைவிட்டுப் போனார். யாரும் அடிக்கவில்லை, அடிக்கத் தேவையுமில்லை. அவர் எந்தத் தெருவில் நடந்தாலும் பெருச்சாளி கூடவே பெருவிரலில் நடந்தது, பிள்ளைகள் அந்த நடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். பஸ்ஸில் அதை இருக்கைக்கு அடியில் தள்ளி மறைக்கப் பார்த்தார், அது ஏறி மடியில் உட்கார்ந்தது. கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், அவர் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே ஆட்கள் தங்கள் கதவுகளைப் பார்க்கிறார்கள் என்று லாசர் மாமா உப்பு ஏற்றிக்கொண்டு போகிற இடங்களிலெல்லாம் கேள்விப்பட்டு வந்தார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் செபஸ்தியம்மாள் மருமகள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நேராகக் கதவுக்குப் பின்னால் போய், கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உப்புக்காற்றில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது.

"மாமி," என்றாள் டெல்பின், "அவுக வருத தண்ணி…"

"தண்ணிய விடு. தண்ணிக்கும் தாழ்ப்பாளுக்கும் என்னட்டி? எத்தன வருசம் தெறந்தே போட்டேன், ஒங்க மாமா வந்தாரா? கப்பல் வந்தா வரும்." பல்லால் முடிச்சின் நுனியைக் கடித்து இழுத்தாள். "அடச்ச கதவத் தட்டத் தெரியாத பிள்ளையையா நான் பெத்துப் போட்டிருக்கேன்? வந்து தட்டட்டும். யாருன்னு கேளு. அவன் பேரச் சொல்லட்டும். அப்புறம் தெற."

முடிச்சு இளகவில்லை. டெல்பின் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட நின்று, நகத்தால் நெம்பி, எண்ணெய் விட்டு, மறுபடி நெம்பினார்கள். ஒரு சுற்று கழன்றது. அடுத்தது கழன்றது. கயிறு முழுதும் கழன்று செபஸ்தியம்மாளின் கையில் வந்தபோது, இரண்டு பேரும் தங்களையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் காதைக் கொடுத்தார்கள். அலை எப்போதும் போல வந்து எப்போதும் போலப் போனது.

"ஒண்ணுமில்ல" என்றாள் செபஸ்தியம்மாள், கொஞ்சம் கோபமாக, இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டவள் போல. பிறகு கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். "ரெஜீனா வீட்டுல என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வாரேன். அவ மாமியாளுக்கு என்ன விட அழுத்தம். நீ தாழப் போடு, நான் அது விழுத சத்தத்தக் கேட்டுட்டுத்தான் போவேன்."

டெல்பின் கதவைச் சாத்தினாள். ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்ட தெருவில், அன்றைக்குச் செபமாலையை யாரோ வெறும் வாயாலேயே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தொட்டிலில் ஜோவிட்டா தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் முதலில் நகரவில்லை. துரு கரகரவென்று முனகியது. அவள் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு எடை முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள், அது ஒரு அங்குலம் போய் நின்றது, மறுபடி தள்ளினாள், 'டணா'ரென்று சட்டத்துத் துளைக்குள் போய் விழுந்தது.

"ஆங்" என்றது வெளியே மாமியாரின் குரல். காலடிகள் அடுத்த வீட்டை நோக்கிப் போயின.